ஆமை முத்திரை இல்லாத பாட்டில்கள்

திங்கட்கிழமை. காலை 6.15.

போர்ட் க்ளோவிலிருந்து வந்த முதல் பஸ் ஆன்ஸ் ஃபிலாவோ நிறுத்தத்தில் நின்றது. முதலில் இறங்கியவர் ரெஜிஸ் எஸ்பரோன். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பாட்டில் மையத்தின் முதலாளி. அவருடைய கார் ஒரு வாரமாக மெக்கானிக்கிடம் கிடந்தது. பஸ்ஸில் வர நேர்ந்த எரிச்சலோடு கடற்சுவரின் பக்கம் திரும்பித் துப்பப் போனவர், துப்பாமலே நின்றுவிட்டார்.

சுவருக்குக் கீழே, கருங்கற்களுக்கு நடுவில், லெயோன்ஸ் சினோன் மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அவனுடைய நீலச் சாக்கு. அதன் வாயிலிருந்து காலி பாட்டில்கள் சரிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

"கிழவன் கடைசியில விழுந்தே தொலைச்சான்யா," என்றார் எஸ்பரோன் பஸ் டிரைவரிடம்.

அந்தக் கடற்கரையில் லெயோன்ஸுக்காக அழ ஆள் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. மனைவி மக்கள் கிடையாது. பாட்டில் பொறுக்குவது பிழைப்பு. தீவில் விற்கும் ஒவ்வொரு குளிர்பானத்தின் விலையிலும் பாட்டிலுக்கான முன்பணம் சேர்ந்திருக்கிறது. ஆமை முத்திரை போட்ட காலி பாட்டிலை மையத்தில் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். சட்டம் அப்படி. குடித்தவன் கடற்கரையில் எறிவதைப் பொறுக்குகிறவன் காசாக்குவான். லெயோன்ஸ் அந்தக் கரை முழுவதையும் தன் அப்பன் சொத்தாகவே நினைத்தான். வேறு யாராவது குனிந்தால் கல்லெடுத்து எறிவான்.

காலை 7.05.

இன்ஸ்பெக்டர் ஸீட்டா லாதூசேர் ஜீப்பிலிருந்து இறங்கினாள். லாதூசேர் என்றால் பிரெஞ்சில் மென்மை. காவல் நிலையங்களில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

சார்ஜென்ட் அல்சீத் மதியோ சல்யூட் அடித்தார். கை நெற்றியைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் பதவி தனக்கு வரவேண்டியது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

"நீங்க வரணும்னு அவசியமே இல்ல மேடம். சுவர் மேல ஏறி பாட்டில் பொறுக்கியிருக்கான், வழுக்கி விழுந்திருக்கான். அறிக்கையே எழுதிட்டேன்."

"டாக்டர் பார்த்தாரா?"

"வந்துக்கிட்டிருக்கார்."

"அதுக்குள்ள எழுதிட்டீங்களா? இந்த வேகம் மத்த வேலையிலும் இருந்தா நல்லாயிருக்கும்."

மதியோவின் காதுமடல் சிவந்தது. ஸீட்டா கவனிக்காததுபோல் கற்களுக்குள் இறங்கினாள்.

பிணத்தின் காலில் கறுப்புத் தோல் ஷூ. பழசுதான், ஆனால் பாலிஷ் போட்டது. சட்டை வெள்ளை. கையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. சட்டைப் பையில் சில நாணயங்கள் மட்டும். எடுத்துப் பார்த்தாள். தலைநகர் விக்டோரியா போக பஸ் கட்டணம், சரியாக அவ்வளவுதான்.

வலது கையைத் திருப்பினாள். கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் சிவப்பு. கடல் நீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

"ரத்தமில்ல," என்றாள்.

மதியோ குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "நெயில் பாலிஷ்! மேடம், இந்தப் பக்கத்துல ஜினெத் உரானின்னு ஒருத்தி இருக்கா. அவளும் பாட்டில் பொறுக்கிறவ. சனிக்கிழமை இவன் அவ சாக்கைக் கத்தியால கிழிச்சான். உன்னைக் கொல்லாம விடமாட்டேன்னு ஊரே கேக்கக் கத்தினா. பத்து விரல்லயும் சிவப்புச் சாயம். இப்பவே தூக்கிட்டு வரேன்."

"கால் வழுக்கி விழுந்தான்னு எழுதின அறிக்கை?"

"அதைக் கிழிச்சுடலாம்," என்றபடி மதியோ மேலேறிப் போனார்.

ஸீட்டா சாக்கை அவிழ்த்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளைப் படித்து, பாறையில் அடுக்கினாள். மொரீஷியஸ் தண்ணீர். துபாய் பழச்சாறு. சீன எழுத்துப் போட்ட தேநீர். அலையில் வந்து ஒதுங்கியவை, படகுகளிலிருந்து விழுந்தவை. மொத்தம் அறுபத்தொன்று. ஒன்றில்கூட ஆமை இல்லை.

காலை 7.40.

ரொட்டி வேன் டிரைவர் திரும்பும் வழியில் நிறுத்தப்பட்டார்.

"அஞ்சு நாப்பதுக்குப் பார்த்தேன் மேடம். பஸ் ஸ்டாப்புல நின்னான். தோள்ல சாக்கு, வாய் வரைக்கும் ரொம்பியிருந்துச்சு. நான் கையைக் காட்டினேன், அவன் காறித் துப்பினான். அவனுக்கு அதுதான் வணக்கம்."

"பொறுக்கிக்கிட்டிருந்தானா, நின்னுக்கிட்டிருந்தானா?"

"நின்னான். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. நான் முதல்ல அடையாளமே கண்டுபிடிக்கல. அவனை வெள்ளைச் சட்டையில நான் பார்த்ததே இல்ல."

காலை 8.10.

ஜினெத் உரானியைக் கைவிலங்கோடு ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயது. தலைமுடி கலைந்து, பாதித் தூக்கத்தில் இழுத்து வந்த கோபம் முகத்தில்.

"சனிக்கிழமை அவனைக் கொல்லுவேன்னு சொன்னியா?" என்றாள் ஸீட்டா.

"சொன்னேன். வெள்ளிக்கிழமையும் சொன்னேன். போன ஈஸ்டருக்கும் சொன்னேன். அந்த நாயை நினைச்சா வாய்ல வேற என்ன வரும்?"

"காலையில எங்க இருந்த?"

"என் குடிசையில. மையத்துக்குப் பின்னாடி. தூங்கவா முடியுது? ஆறு மணிகூட ஆகல, மையத்துல பாட்டில் குத்துற ஊசி மிஷின் தட்டு தட்டுன்னு ஆரம்பிச்சிடுச்சு. நேத்து ஞாயித்துக்கிழமை பார்த்தா இவன் வந்து உயிரை வாங்கினான்."

"யாரு?"

"செத்துக் கெடக்கானே, அவன்தான். மையத்துப் பின்வேலிக்குள்ள கையை விட்டு பாட்டிலா உருவிக்கிட்டிருந்தான். ஒண்ணு எடுக்கறது, அடியைப் பார்க்கறது, சிலதைத் திரும்பப் போடறது, சிலதைச் சாக்குல திணிக்கறது. திருட்டுப்பய. போலீஸ்ல சொல்லலாம்னா நீங்க என்னையே பிடிச்சு உக்கார வச்சிருக்கீங்க."

மதியோ இடையில் புகுந்தார். "அவன் விரல்ல உன் நகச்சாயம் ஒட்டியிருக்குடி."

"என் நகத்தைப் பாரு, அப்புறம் பேசு!"

ஸீட்டா பார்த்தாள். சாயம் பாதி உரிந்து, காய்ந்து, வாரக்கணக்கில் பழசாகியிருந்தது. காய்ந்த சாயம் யார் விரலிலும் ஒட்டாது. அவள் சாக்கிலிருந்த துபாய் பாட்டிலை ஜினெத்தின் மடியில் போட்டாள்.

"இது வழியில கெடந்தா எடுப்பியா?"

ஜினெத் லேபிளை ஒரு நொடி பார்த்தாள். விலங்கிட்ட கைகளாலேயே அதை ஜீப்புக்கு வெளியே எறிந்தாள். "இதை எடுத்து என்ன பண்ண? காசு தருவானா? சும்மா முதுகொடிய சுமக்க எனக்கென்ன பைத்தியமா?"

"லெயோன்ஸ் எடுப்பானா?"

"அவனா? ஆமை இல்லாததைக் காலால எட்டி உதைப்பான். கண்ணு அப்படி. பத்தடி தூரத்துலயே தெரியும் அவனுக்கு."

ஸீட்டா திரும்பினாள். "சார்ஜென்ட், லெயோன்ஸ் வீட்டுக்குப் போங்க. மேஜை மேல என்ன இருந்தாலும் எடுத்துட்டு வாங்க."

"இவளை என்ன பண்றது?"

"விலங்கைக் கழட்டுங்க. ஆனா போகவேண்டாம், இங்கயே இருக்கட்டும்."

"பெரிய மனசு," என்றாள் ஜினெத்.

காலை 8.45.

மையத்தின் வாசலில் சாக்கு மூட்டைகளோடு இருபது பேர் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். 6.30க்கே போலீஸ் கேட்டைப் பூட்டிவிட்டது.

"எவனோ செத்ததுக்கு என் வியாபாரத்தை மூடறீங்க," என்றார் எஸ்பரோன்.

"எவனோ இல்லயே. நாளைக்கு அவனுக்கும் உங்களுக்கும் விசாரணை இருந்துச்சாமே, வாசல்ல நிக்கறவங்க சொல்றாங்க?"

"ஆமா, இருந்துச்சு. ஒளிக்கறதுக்கு என்ன? ரெண்டு மாசமா தீவுல வித்த பாட்டிலைவிட என் மையத்துல எண்ணின பாட்டில் அதிகமா வருது. சுற்றுச்சூழல் அலுவலகம் என் கழுத்தைப் பிடிச்சுது. சட்டப்படி ஒரு பாட்டிலுக்கு ஒரு தடவைதான் பணம். யாரோ ரெண்டு தடவை வாங்கறான். யாரு? இங்க கொடுத்துட்டு, வேலி வழியாத் திருடி, மறுபடியும் கொண்டு வரவன். லெயோன்ஸ் பேரை எழுதிக் கொடுத்தேன்."

"திருடினதைப் பார்த்தீங்களா?"

"அவன் மூஞ்சியைப் பார்த்தேனே, போதாதா?"

"எண்ணின பாட்டிலை என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கே ஊசி மிஷின்ல குத்தி ஓட்டை போடணும். ஓட்டை விழுந்ததுக்குப் பணம் கிடையாது. அதை ஒதீல் பார்த்துக்குவா. முத்திரை இல்லாத பாட்டில் வந்தா பின்னாடி கம்பிக் கூண்டுல போடுவோம்."

"கூண்டுக்குச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு இதோ என் இடுப்புல. இன்னொண்ணு ஒதீல்கிட்ட."

கூண்டைத் திறந்தார்கள். பூட்டு உடைபடவில்லை. குவியலின் முன்பக்கம் ஒரு பெரிய பள்ளம்.

"வெள்ளிக்கிழமை நான் பூட்டும்போது கதவு வரைக்கும் ரொம்பியிருந்துச்சே," என்றார் எஸ்பரோன். அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் இல்லை.

ஊசி மிஷினுக்குக் கீழிருந்த தொட்டியை ஸீட்டா காட்டினாள். அதில் முக்கால் அளவுக்கு ஓட்டை போட்ட பாட்டில்கள். "இது?"

"இது எப்படி? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டியைக் கவுத்து லாரியில ஏத்தினது நானே. சனி ஞாயிறு லீவு."

"இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள்.

கவுண்டருக்குப் பின்னால் ஒதீல் ஃபிகாரோ உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, அழுது வீங்கிய கண்கள். அந்தக் காலையில் ஸீட்டா பார்த்த ஒரே கண்ணீர்.

"பெரியவர் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுவார் மேடம். என்கிட்ட மட்டும் ஒரு சொல் கடுமையாப் பேசினதில்ல. மழைன்னா உள்ள கூப்பிட்டு டீ கொடுப்பேன்."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறு மணிக்கு. கேட்டைத் திறந்து பெருக்கினேன். பஸ் வந்துச்சு, முதலாளி கத்தினார். அப்புறம் போலீஸ்காரங்க எதையும் தொடாதேன்னாங்க. தொடல."

"மிஷினை?"

"எதுக்கு? இன்னிக்கு ஒரு பாட்டில்கூட எண்ணலயே. பாருங்க, கவுண்டர்ல பாட்டில் எண்ணற மீட்டர்ல சைபர்."

மீட்டர் சைபர்தான் காட்டியது.

காலை 9.30.

மதியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். லெயோன்ஸின் மேஜையில் கிடைத்தவை இரண்டு: விசாரணைக் கடிதம் ஒன்று, புதிதாக வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று.

ஸீட்டா எல்லோரையும் மிஷின் அருகில் நிறுத்தினாள்.

"லெயோன்ஸ் சினோன் இன்னிக்குப் பாட்டில் பொறுக்கப் போகல. பாலிஷ் போட்ட ஷூவும் இஸ்திரிச் சட்டையும் போட்டுக்கிட்டு எவனும் குப்பையில கை வைக்கமாட்டான். விசாரணைக்கு முந்தின நாளே சுற்றுச்சூழல் அலுவலகத்துல காட்டிடலாம்னு அவன் விக்டோரியா பஸ்ஸுக்கு நின்னான். பையில பஸ் காசு, தோள்ல நெறஞ்ச சாக்கு. அந்தச் சாக்குல இருந்தது அவனோட சாட்சி."

"என்ன சாட்சி? ஆமை இல்லாத குப்பைதானே இருந்துச்சு?" என்றார் மதியோ.

"அதைத்தான் நீங்க பார்க்கல சார்ஜென்ட். முப்பது வருஷமாப் பொறுக்கினவன் காசு வராத அறுபத்தொரு பாட்டிலைச் சுமப்பானா? அவன் நிரப்பின சாக்கு இல்ல அது. அவன் செத்த பிறகு வேற யாரோ நிரப்பினது. அஞ்சு நாப்பதுக்கு ரொட்டி வேன்காரர் ரொம்பின சாக்கைப் பார்த்துட்டார். காலி சாக்கு கெடந்தா கேள்வி வரும்."

"நிரப்பறவங்க நல்ல பாட்டிலாவே நிரப்பியிருக்கலாமே?" என்றாள் ஜினெத்.

"சரியான கேள்வி. இந்த யார்டுல நல்ல பாட்டிலுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா அதைத் தொட பயம். ஏன்னா அதுல எதுல லெயோன்ஸோட அடையாளம் இருக்குன்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்க்க நேரம் இல்ல. அவன் கை பட்டிருக்கவே முடியாத பாட்டில், கூண்டுல பூட்டி வச்ச ஆமை இல்லாததுதான்."

அவள் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில், நடுக்குழியில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் புள்ளி. அடுத்ததிலும்.

"திருடன்னு பட்டம் கட்டினாங்க. இல்லைன்னு நிரூபிக்க அவன் வெள்ளிக்கிழமை வித்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடியில சாயம் வச்சான். விரல் நுனியில இருந்தது அந்தச் சாயம். எண்ணி, பணம் வாங்கிட்டான். சட்டப்படி அன்னிக்கே ஓட்டை விழுந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை வேலி வழியாக் கையை விட்டான். அவன் புள்ளி வச்ச பாட்டில் நெறைய முழுசாக் கெடந்துச்சு, மறுபடியும் எண்ணறதுக்குத் தயாரா. ஜினெத் பார்த்தது திருட்டு இல்ல. ஆதாரம் சேர்த்தது."

எஸ்பரோன் தானும் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினார்.

"வெள்ளிக்கிழமை காலி பண்ணின தொட்டி இன்னிக்கு எப்படி ரொம்புச்சு? மீட்டர் சைபர். ஆறரைக்கு மேல போலீஸ் காவல். ஆறு மணிக்கு முன்னாடி ஊசி மிஷின் ஓடினதை ஜினெத் கேட்டா. ஓட்டை போட்டுட்டா அது ஒழுங்கா முடிச்ச பாட்டில் ஆயிடும், சாட்சி செத்துடும். கூண்டுச் சாவி ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தர் அப்ப போர்ட் க்ளோ பஸ்ஸுல இருந்தார், பஸ் முழுக்க ஆள் பார்த்திருக்கு." ஸீட்டா திரும்பினாள். "மிஷினைத் தொடலன்னு என்கிட்ட சொன்னீங்க ஒதீல். இன்னொருத்தர் யாரு?"

வெளியே வரிசையில் நின்றவர்களின் வசவு உள்ளே கேட்டது.

ஒதீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பேசியபோது அந்தக் குரலில் அழுகை இல்லை.

"பதினோரு வருஷம்," என்றாள் எஸ்பரோனைப் பார்த்து. "பதினோரு வருஷமா உன் பாட்டில்களோட புளிச்ச நாத்தத்துல கை ஊறிக் கெடந்தேன். சம்பளத்தை ஏத்துன்னு கேட்டா, வெளியில இருபது பேர் நிக்கறான்னு சொன்னே. எண்ணின பாட்டில்ல பாதியை எடுத்து வச்சு, மறுநாள் இல்லாத பேருல மறுபடி எண்ணினேன். உன் காசா? அரசாங்கக் காசு. உனக்கு ஏன் எரியணும்?"

"அவனை ஏன்டி கொன்னே?" என்று கத்தினாள் ஜினெத்.

"அவரா வந்து சொன்னார். நான் ஆறு மணிக்கு முன்னாடியே வந்திருந்தேன், கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சுவர் மேல உக்காந்து சாக்கைத் திறந்து காட்டினார். 'ஒதீல், பாரு, இன்னிக்கு உன் முதலாளி உள்ள போறான். உனக்கு விடுதலை'ன்னார். நான்னு அவருக்குத் தோணவே இல்ல. சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு கையாலயும் தள்ளினேன். அவ்வளவுதான்."

மதியோ விலங்கை எடுத்து முன்னால் வந்தார். ஒதீல் அவரைப் பார்க்காமலே கைகளை நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை. காலை 10.00.

விசாரணை அறை சின்னது. அதிகாரி கோப்பைப் புரட்டினார். பெயரைப் படித்தார். பதில் வராது என்று அவருக்கும் தெரியும்.

"எதிர்மனுதாரர் இறந்துட்டதால வழக்கு முடிக்கப்படுது," என்றார்.

"முடிக்கப்படுதுன்னா?" என்றாள் ஸீட்டா எழுந்து.

"முடிக்கப்படுது, அவ்வளவுதான். செத்தவரைக் குற்றமில்லைன்னு விடுவிக்கச் சட்டத்துல பிரிவு கிடையாது இன்ஸ்பெக்டர்."

"குற்றவாளின்னு விட்டுட்டுப் போகப் பிரிவு இருக்கா? அப்படியே விட்டா கோப்புல அவன் ரெண்டு தடவை பணம் வாங்கினவன். என் அறிக்கையைச் சேர்த்து, புகார் பொய்ன்னு எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

அதிகாரி எஸ்பரோனைப் பார்த்தார். எஸ்பரோன் தரையைப் பார்த்தபடி, "என் புகார் தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார்.

பேனா ஓடத் தொடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம். ஜினெத் உரானி. அவளை யாரும் அழைக்கவில்லை. கிழிந்த சாக்கைத் தைத்து மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"கெட்டவன்தான்," என்றாள் அவள், அறை முழுவதையும் முறைத்துக்கொண்டு. "கரையில ஒரு மனுஷனை நிம்மதியா நடக்க விடல. செத்ததுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். ஆனா திருடன் இல்ல. அதையும் எழுதுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அதையும் எழுதினார்.